பித்தம் என்று நினைத்தது காதாக இருக்கலாம்

போன மாதம் ஒரு காலை. 58 வயது அம்மா ஒருவரை மகனும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு அழைத்து வந்தார்கள். கழுத்தில் காலர். வாந்தி வந்தால் பிடிக்க மருமகள் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், மகன் கையில் தடிமனான ஃபைல். பிரஷர் சரியாக இருக்கிறது, சர்க்கரை இல்லை, ஈசிஜி நார்மல், தலை ஸ்கேனும் நார்மல். கழுத்து எக்ஸ்ரேயில் மட்டும் கொஞ்சம் தேய்மானம். அந்த வயதில் பெரும்பாலானவர்களுக்கு எடுத்தால் அது தெரியத்தான் செய்யும்.

"படுத்தா வீடே சுத்துது டாக்டர். ஒரு வாரமா சேர்ல உக்காந்துதான் தூங்குறேன்" என்றார். பித்தம் என்று எலுமிச்சைச் சாறு, இஞ்சிச் சாறு எல்லாம் குடித்துப் பார்த்தாயிற்று. மூன்று வகை மாத்திரையும் உள்ளே போயிருக்கிறது.

தலைசுற்றல் என்று வருகிறவர்களிடம் நான் ஃபைலைப் பிரிப்பதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்பேன். என்ன செய்தால் சுற்றுகிறது? ஆரம்பித்தால் எவ்வளவு நேரம் சுற்றுகிறது? முதல் கேள்விக்கு, "இடது பக்கம் திரும்பிப் படுத்தா" என்று உடனே பதில் வந்தது. இரண்டாவதற்கு, "நாள் பூரா" என்றார். பொதுவாக எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். "சுத்துறது மட்டும் எவ்வளவு நேரம்? யோசிச்சுச் சொல்லுங்க" என்று மறுபடி கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அரை நிமிஷம் இருக்கும். அப்புறம் நின்னுடும். பயம்தான் நாள் பூரா இருக்கு" என்றார்.

அந்த அரை நிமிஷத்தில்தான் நோய் இருந்தது.

காலரைக் கழற்றி, கட்டிலில் கால் நீட்டி உட்காரவைத்தேன். தலையை இடது பக்கம் 45 டிகிரி திருப்பிப் பிடித்து, சட்டென்று பின்னால் சாய்த்தேன். தலை கட்டிலின் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே தொங்குகிறது. கண்ணை மூடக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தேன். இரண்டு, மூன்று விநாடிகள் ஒன்றுமில்லை. பிறகு, "ஐயோ" என்று என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கருவிழிகள் இரண்டும் மேல்நோக்கித் துடித்தபடி, இடது காதின் பக்கமாகத் திருகித் திருகி இழுத்தன. மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மாவின் கண் அப்படி ஆடுவதை அவர் அப்போதுதான் பார்க்கிறார். இருபது விநாடி இருக்கும், ஆட்டம் மெல்ல அடங்கியது.

அங்கிருந்தே வைத்தியத்தைத் தொடங்கிவிடலாம். தலையை மெதுவாக வலது பக்கம் திருப்பி அரை நிமிஷத்துக்கு மேல் அப்படியே வைத்திருக்க வேண்டும். பிறகு உடம்போடு வலது பக்கம் ஒருக்களித்து, மூக்கு தரையைப் பார்க்கிற மாதிரி ஒரு நிமிஷம். அப்புறம் எழுப்பி உட்காரவைக்க வேண்டும். இதற்கு எப்லி முறை என்று பெயர். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இடது பக்கம் சாய்த்துப் பார்த்தேன். கண் ஆடவில்லை. அன்று ராத்திரி கட்டிலில் படுத்துத் தூங்கியதாக மறுநாள் மருமகள் போன் செய்து சொன்னார்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். காது என்றால் நமக்குக் கேட்பது மட்டும்தான் நினைவுக்கு வரும். செவிப்பறைக்கும் உள்ளே, உடம்பிலேயே மிகக் கெட்டியான எலும்புக்குள் புதைந்து இருக்கிறது உட்செவி. அதன் ஒரு பாதி நத்தை ஓடு போல இரண்டரைச் சுற்று சுருண்டது, அது கேட்பதற்கு. மறு பாதி உடம்பின் நிதானத்துக்கு. அங்கே திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்கள் தலையின் திருப்பத்தை மூளைக்குச் சொல்கின்றன. பக்கத்தில் இருக்கும் இரண்டு சிறு பைகளில் பசை போன்ற படுக்கையின் மேல் நுண்ணிய துகள்கள் பதிந்திருக்கின்றன. முட்டை ஓட்டில் இருக்கிற அதே கால்சியம் கார்பனேட்தான். தலை சாய்ந்தால் அந்தத் துகள்களின் கனம் படுக்கையை இழுக்கும், சாய்ந்ததை மூளை தெரிந்துகொள்ளும்.

வயதாகும்போதும், தலையில் அடிபட்டாலும், பல நாள் படுத்த படுக்கையாக இருந்தாலும், சில சமயம் காரணமே தெரியாமலும் அந்தத் துகள்களில் சில கழன்று அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடும். திரும்பிப் படுக்கும்போது அவை உருளும், திரவமும் கூடவே அசையும். உடம்பு நின்றபிறகும் 'நீ சுற்றுகிறாய்' என்று அந்தக் காது சொல்லிக்கொண்டே இருக்கும். எப்லி முறையில் நாம் செய்வது, துகளை உருட்டி அது கிளம்பி வந்த பைக்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான்.

நோய் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று இந்த ஒன்றைப் பார்க்கும்போதெல்லாம் யோசிப்பேன். இங்கே கிருமி இல்லை, புண் இல்லை, வீக்கம் இல்லை. அவருடைய சொந்தத் துகள், இடம் மாறிக் கிடக்கிறது. ரத்தப் பரிசோதனையிலும் சிடி ஸ்கேனிலும் இது தெரியாது. ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது? 'எல்லாம் நார்மல்' என்று ரிப்போர்ட் வந்த உடனே பேச்சு மாறிவிடும். "டாக்டரே ஒண்ணுமில்லேன்னுட்டார், அம்மாவுக்கு மனசுதான் சரியில்லை" என்பார்கள். தரையே நழுவுகிற பயத்தோடு இருக்கிற ஒருவரிடம் இதைச் சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்! ஸ்கேன் நார்மல் என்றால் ஸ்கேனில் தெரிகிற நோய் இல்லை, அவ்வளவுதான்.

இந்த நம்பிக்கையின்மை புதிதும் அல்ல. 1861-இல் பாரிஸில் புரோஸ்பர் மெனியர் என்ற மருத்துவர், இப்படிச் சுற்றி விழுவது காதிலிருந்தும் வரலாம் என்று சொன்னார். அதுவரை மூளையில் ரத்தம் தேங்குவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அரைவட்டக் குழாய்களை ஆராய்ந்த ராபர்ட் பாராணிக்கு 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது; செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். அமெரிக்காவில் ஜான் எப்லி இந்த முறையைக் கொண்டுவந்தபோது சக மருத்துவர்களே வெகுநாள் நம்பவில்லை. 1992-இல் அவருடைய கட்டுரை வெளிவந்த பிறகுதான் பலர் செய்து பார்க்க ஆரம்பித்தார்கள்.

எல்லாத் தலைசுற்றலும் துகள் அல்ல. எவ்வளவு நேரம் என்ற கேள்வி இங்கேதான் உதவும். இருபது நிமிஷம் முதல் பல மணி நேரம் வரை சுற்றி, கூடவே ஒரு காதில் அடைப்பும் இரைச்சலும் வந்து, கேட்பதும் குறைந்தால் அது மெனியர் நோயாக இருக்கலாம். உட்செவித் திரவத்தின் அழுத்தக் கோளாறு அது. உப்பைக் குறைக்கச் சொல்வோம். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் முதலில் போகும். கேட்பதில் குறை இல்லாமல், நாள்கணக்கில் விடாமல் சுற்றினால் நிதான நரம்பில் அழற்சி இருக்கலாம். இதற்கு முதல் இரண்டு மூன்று நாள் மட்டும் மாத்திரை, அப்புறம் எழுந்து நடக்கவும் பயிற்சி செய்யவும் வேண்டும். சுற்றலை அடக்கும் மாத்திரைகளான புரோக்ளோர்பெரசின், சின்னரிசின் போன்றவற்றை மாதக்கணக்கில் மருந்துக்கடையில் தானே வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவை நிதான மண்டலத்தை மந்தமாக்கி வைக்கும், மூளை தானாகச் சமாளிக்கக் கற்றுக்கொள்வது தள்ளிப்போகும். முதியவர்களுக்குப் புரோக்ளோர்பெரசினும் சின்னரிசினும் கை நடுக்கத்தையும் கொண்டுவரலாம்.

சுற்றலோடு பேச்சு குழறினால், முகம் கோணினால், ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தால், ஒரு பக்கக் கை கால் வலுவிழந்தால், எதையாவது பிடித்துக்கொண்டும் நிற்க முடியாமல் போனால் என்னிடம் வர வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். அது பின்மூளைப் பக்கவாதமாக இருக்கலாம். முதல் நாள் சிடி ஸ்கேன் அதையும் நார்மல் என்று காட்டக்கூடும்.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். சுற்றல் ஆளைப் பயமுறுத்திக் கூட்டிக்கொண்டு வந்துவிடும். சத்தமில்லாமல் வருகிற செவிட்டுத்தன்மை அப்படிச் செய்யாது. காலையில் எழுந்தால் ஒரு காது அடைத்த மாதிரி இருக்கும். 'கொய்ங்' என்று ஓர் இரைச்சல். சளி, அழுக்கு, தலைக்குக் குளித்த தண்ணீர் என்று ஏதாவது ஒரு காரணம் கையில் கிடைத்துவிடும். மூன்று நாளைக்குள் உட்செவியின் கேட்கும் திறன் இப்படிச் சட்டென்று விழுவது அவசர நோய். பெரும்பாலும் காரணம் பிடிபடாது. ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரத்துக்குள், முடிந்தால் முதல் சில நாளிலேயே தொடங்கினால்தான் பலன் அதிகம். சர்க்கரை இருக்கிறவர்களுக்குச் செவிப்பறை வழியாக ஊசியாகப் போடவும் வழி இருக்கிறது. சிலருக்குத் தானாகவே திரும்பிவிடும், ஆனால் அது யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

காது அடைத்துக்கொண்டால் வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று ராகம் இழுத்துப் பாருங்கள். அடைத்த காதில் சத்தம் பெரிதாகக் கேட்டால் அழுக்கோ சளியோ இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல காதில் பெரிதாகக் கேட்டால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள், கேட்கும் திறனை அளக்கும் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். எது எப்படி இருந்தாலும் எண்ணெய் காய்ச்சி ஊற்ற வேண்டாம்.

ஒரு பஸ் கண்டக்டர் இருபதாம் நாள் வந்தார். பூண்டு தட்டிப் போட்ட எண்ணெயை முதல் வாரம் ஊற்றியிருக்கிறார், அடுத்த வாரம் சொட்டு மருந்து, லீவு கிடைக்காமல் இன்னும் ஒரு வாரம். காது சுத்தமாக இருந்தது, செவிப்பறையும் பளபளப்பாக இருந்தது. தட்டினால் அதிர்ந்து ஒலிக்கிற டியூனிங் ஃபோர்க் என்ற உலோகக் கவையைத் தட்டி நெற்றியில் வைத்தேன். நல்ல காதைத் தொட்டு, "இங்கதான் கேக்குது டாக்டர்" என்றார். மாத்திரை கொடுத்தோம், ஊசியும் போட்டோம். கொஞ்சம்தான் திரும்பியது. இப்போது பஸ்ஸில் யாராவது டிக்கெட் கேட்டால் முழு உடம்பையும் திருப்பி வலது காதைக் கொடுத்துக் கேட்கிறார்.