கண்ணை மூடினால் ஏன் சுரங்கம் தெரிகிறது?

"'ஆல்டர்டு ஸ்டேட்ஸ்' பார்த்தேன். இருட்டுத் தொட்டிக்குள் மிதந்தால் நிஜமாகவே அப்படியெல்லாம் தெரியுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். 1980இல் கென் ரஸ்ஸல் எடுத்த படம். விஞ்ஞானி ஒருவர் தொட்டியில் மிதக்கிறார், போதை மருந்தையும் சேர்த்துக்கொள்கிறார், ஒரு கட்டத்தில் குரங்கு மனிதனாகவே மாறி வெளியே பாய்கிறார். மரபணுவுக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது என்பதால் அதை விட்டுவிடுவோம்.

தொட்டி நிஜம். வெளிச்சமும் சத்தமும் எட்டாத தண்ணீர்த் தொட்டி. 1954இல் அமெரிக்க மருத்துவர் ஜான் லில்லி உருவாக்கியது. அதே காலத்தில் மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு நாளைக்கு 20 டாலர் கொடுத்து, மங்கலான கண்ணாடி மாட்டி, சும்மா படுக்கச் சொன்னார்கள். பெரும்பாலோர் இரண்டு மூன்று நாளைத் தாண்டவில்லை. முதலில் புள்ளிகளும் கோடுகளும் தெரிந்தன. பிறகு ஒருவருக்கு, தோளில் மூட்டை சுமந்த அணில்கள் பனிவெளியில் வரிசையாகப் போயின!

எனக்கு அணில்களைவிட அந்தக் கோடுகள்தான் பிடிக்கும். 1920களில் மெஸ்கலின் என்ற போதைப்பொருள் தரும் மாயக்காட்சிகளை ஆராய்ந்த உளவியலாளர் ஹைன்ரிச் க்ளூவர், திரும்பத் திரும்ப வருவது நான்கே வடிவங்கள் என்றார்: தேன்கூடு, சிலந்தி வலை, சுரங்கம், சுருள். போதையானாலும் காய்ச்சலானாலும், உறக்கத்தின் விளிம்பானாலும் கிட்டத்தட்ட இவைதான். ஆளுக்கு ஆள் கனவு மாறும்போது இது மட்டும் ஏன் மாறுவதில்லை?

விழித்திரையில் விழும் பிம்பம், பின்மண்டையில், பார்ப்பதைக் கவனிக்கும் மூளைப் பகுதியான பார்வைப் புறணிக்கு அப்படியே போய்ச் சேர்வதில்லை. பார்வையின் நடுப்பகுதிக்கு அங்கே ஏகப்பட்ட இடம், ஓரங்களுக்குக் கொஞ்சம்தான். வட்டமான ரப்பர் தாளை நடுவிலிருந்து ஓரம்வரை வெட்டி, நடுப்பகுதியை நன்றாக இழுத்துச் செவ்வகமாக்கியது போல. தாளில் வட்டங்கள் இருந்தால் செவ்வகத்தில் அவை செங்குத்துக் கோடுகளாகிவிடும். நடுவிலிருந்து கிளம்பும் கதிர்கள் படுக்கைக் கோடுகளாகும். பள்ளியில் படித்த மடக்கைதான் (லாகரிதம்) இங்கே வேலை செய்கிறது.

இனி இதைத் தலைகீழாக்குங்கள். கண்ணிலிருந்து எதுவும் வராதபோது, புறணியில் தானாகவே சம இடைவெளியில் செங்குத்துப் பட்டைகள் எழுந்தால்? மூளை அதை வட்டங்களாக வாசிக்கும். நடுவில் நெருக்கமாகவும் வெளியே போகப்போக அகலமாகவும் இருக்கும் வட்டங்கள். அதாவது சுரங்கம்! பட்டை சாய்ந்திருந்தால் சுருள். பட்டைக்குப் பதில் புள்ளிகள் எழுந்தால் தேன்கூடு.

பட்டை எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு நியூரானும் ஒட்டியிருப்பவர்களைத் தூண்டிவிடும், சற்றே தள்ளியிருப்பவர்களை அடக்கும். சாதாரண நேரத்தில் இரண்டும் சரிக்குச் சரி. தூண்டல் கொஞ்சம் மிஞ்சினால் போதும்: ஓரிடம் பற்றிக்கொள்ளும், பக்கத்தில் ஒரு வரிசை அடங்கும், அதைத் தாண்டி மறுபடி பற்றும். விலங்குகளின் தோலில் கோடுகள் விழுவதற்கு 1952இல் கணித மேதை ஆலன் டூரிங் சொன்ன அதே தர்க்கம். எர்மன்ட்ரவுட், கோவன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை மூளைக்குப் பொருத்திக் கணக்குப் போட்டது 1979இல், படம் வருவதற்கு முந்தைய ஆண்டு. வரிக்குதிரை மண்டைக்குள்தான் இருக்கிறது.

மரணத்தின் வாசலில் சுரங்கத்தைக் கண்டவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. அதை மறுவுலகத்துக்கு வழி என்று விற்கிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை. இன்னொரு சண்டை, 1970இல் மெஸ்கலின் போன்றவற்றைக் கடும் தடைப் பட்டியலில் போட்ட அமெரிக்கச் சட்டத்தோடு. கேளிக்கையைத் தடுக்கப்போய் ஆய்வுக்கூடங்களையும் பல ஆண்டுகள் முடக்கிவிட்டார்கள்.

தொட்டியோ மருந்தோ இல்லாமலும் பார்க்கலாம். கண்ணை மூடி, வெளிச்சத்தின் பக்கம் முகத்தைத் திருப்பி, விரித்த விரல்களை இமைக்கு முன்னால் வேகமாக ஆட்டுங்கள். 1819இல் செக் உடலியல் அறிஞர் புர்க்கின்யே எழுதிவைத்த வித்தை இது. வலிப்பு வந்தவர்கள் மட்டும் செய்ய வேண்டாம். எனக்குச் சதுரங்கக் கட்டம் வந்தது, சற்று நேரத்தில் தேன்கூடும் வந்தது. அணில் இன்னும் வரவில்லை.