இ-இன்வாய்ஸ்: 5 கோடியைத் தாண்டிய தொழில்கள் கவனிக்க வேண்டியவை

பில்லை பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது இ-இன்வாய்ஸ் ஆகிவிடாது. ஜிஎஸ்டி சட்டம் கேட்பது வேறு. நீங்கள் போடும் பில்லின் விவரங்கள் அரசு அங்கீகரித்த பதிவுத் தளத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து 64 எழுத்துகள் கொண்ட ஐஆர்என் எண்ணும் (ஒவ்வொரு பில்லுக்கும் தனியாகத் தரப்படும் பதிவு எண்), டிஜிட்டல் கையெழுத்திட்ட க்யூஆர் கோடும் திரும்பி வரும். அந்த க்யூஆர் கோடு பில்லில் அச்சாகியிருக்க வேண்டும். பில் போடுவது வழக்கம்போல உங்கள் டேலியிலோ வேறு மென்பொருளிலோதான்.

2020 அக்டோபர் 1 அன்று 500 கோடி ரூபாய்க்கு மேல் டர்ன்ஓவர் உள்ள நிறுவனங்களோடு இது தொடங்கியது. படிப்படியாக வரம்பு இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் உள்ள எல்லோருக்கும் கட்டாயம் ஆகிவிட்டது.

இந்த 5 கோடிக் கணக்கில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். போன வருட டர்ன்ஓவரை மட்டும் பார்த்தால் போதாது. 2017-18 முதல் ஏதாவது ஒரு நிதியாண்டில் 5 கோடியைத் தாண்டியிருந்தாலே போதும். அப்புறம் வியாபாரம் 3 கோடிக்குச் சரிந்தாலும் கடமை போகாது. கணக்கு பான் எண்ணை வைத்துத்தான். திருப்பூரில் ஒரு ஜிஎஸ்டி எண்ணும் பெங்களூரில் இன்னொன்றும் இருந்தால் இரண்டையும் கூட்ட வேண்டும். வரி இல்லாத சரக்கின் விற்பனையும் இதில் சேரும். காய்கறி மொத்த வியாபாரம் 4 கோடி, அதோடு வரி உள்ள சரக்கு ஒன்றரைக் கோடி என்றால், மொத்தம் ஐந்தரைக் கோடி. நீங்கள் வரம்புக்குள் வந்துவிட்டீர்கள். காய்கறிக்கு இ-இன்வாய்ஸ் வேண்டாம், வரி உள்ள சரக்குக்கு வேண்டும். இந்த வருடம்தான் முதல்முறையாகத் தாண்டினால், அடுத்த ஏப்ரல் 1 முதல் தொடங்கினால் போதும். தளத்தில் உங்கள் ஜிஎஸ்டி எண் தானாக இயக்கப்படவில்லை என்பது சாக்கு ஆகாது. நீங்களே உள்ளே போய்ப் பதிந்துகொள்ள வேண்டும்.

ஜிஎஸ்டி பதிவு உள்ள வியாபாரிக்கு விற்பதற்கும் ஏற்றுமதிக்கும் இது பொருந்தும். அவற்றுக்கான கிரெடிட் நோட், டெபிட் நோட்டுக்கும் (பில் போட்ட பிறகு தொகையைக் குறைக்கவோ கூட்டவோ தரும் சீட்டுகள்) சேர்த்துத்தான். கடையில் நின்று வாங்கும் சாதாரண வாடிக்கையாளரின் பில்லுக்கு வேண்டாம். வங்கி, காப்பீடு, லாரி சரக்குப் போக்குவரத்து ஏஜென்சி, பயணிகள் போக்குவரத்து போன்ற சில துறைகளுக்கு விலக்கு உண்டு.

போடாவிட்டால்? கட்டாயம் உள்ளவர் ஐஆர்என் இல்லாமல் கொடுக்கும் பில், சட்டப்படி பில்லே இல்லை. அபராதம் 10,000 ரூபாய் அல்லது ஏய்த்த வரி, எது அதிகமோ அது. ஆனால் நடைமுறையில் அபராதத்துக்கு முன்பே வாங்குபவர் உங்களை நிறுத்திவிடுவார். அந்தப் பில்லை வைத்து அவர் உள்ளீட்டு வரி வரவு எடுத்தால், அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைத் தன் வரியில் கழித்துக்கொண்டால், அவருக்கு ஆபத்து. பெரிய கம்பெனிகளின் கணக்குப் பிரிவு க்யூஆர் கோடு இல்லாத பில்லைத் திருப்பி அனுப்புகிறது. பணமும் அதோடு நின்றுபோகிறது.

தொழில் மாற வேண்டிய இடம் பில் போடும் மேசைதான். முன்பெல்லாம் வாங்குபவரின் ஜிஎஸ்டி எண் தவறு என்றால், மாதக் கடைசியில் ஆடிட்டர் பார்த்துத் திருத்திக்கொள்வார். இப்போது லோடு ஏறும் முன்பே சரியாக இருக்க வேண்டும். பதிந்த பில்லை அந்தத் தளத்தில் திருத்த முடியாது. 24 மணி நேரத்துக்குள் முழுதாக ரத்து செய்யலாம். ரத்தான பில் எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது. அந்தப் பில்லுக்கு இ-வே பில் (சரக்கை வண்டியில் அனுப்ப எடுக்கும் மின்னணுச் சீட்டு) உயிரோடு இருந்தால் முதலில் அதை ரத்து செய்ய வேண்டும். 24 மணி நேரம் கடந்துவிட்டால் கிரெடிட் நோட், இல்லையென்றால் விற்பனை விவரம் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் திருத்தம்.

ஆகவே ஒரு நாள் உட்கார்ந்து பார்ட்டிகளின் ஜிஎஸ்டி எண், பின்கோடு, சரக்குகளின் எச்எஸ்என் குறியீடு (சரக்கின் வகையைக் காட்டும் எண்) எல்லாவற்றையும் சரிபார்த்துவிடுங்கள். டர்ன்ஓவர் 5 கோடிக்கு மேல் என்றால் எச்எஸ்என் 6 இலக்கம் வேண்டும். பில் எண் 16 எழுத்துக்குள் இருக்கட்டும். தளத்தில் நேரடியாக நுழைபவர்களுக்கு ஓடிபி கட்டாயம் என்பதால், பில் போடும் ஊழியருக்கு அவருடைய செல் எண்ணிலேயே தனிப் பயனர் கணக்கு உருவாக்குவது நல்லது. இல்லையென்றால் முதலாளி கல்யாண வீட்டில் இருப்பார், வாசலில் வண்டி காத்து நிற்கும்.

டர்ன்ஓவர் 10 கோடி அல்லது அதற்கு மேல் என்றால் இன்னொரு கெடுவும் உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல், பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பதிய வேண்டும். பிந்தினால் தளமே ஏற்காது.

சரி, இதில் நமக்கு என்ன லாபம்? ஐஆர்என் எடுக்கும்போதே வண்டி விவரத்தையும் கொடுத்தால் இ-வே பில்லும் சேர்ந்தே வந்துவிடும். ஒரே விவரத்தை இரண்டு தடவை தட்ட வேண்டாம். மூன்று நகல் எடுக்கும் விதி இந்தப் பில்களுக்கு இல்லை. வழியில் அதிகாரி கேட்டால் க்யூஆர் கோடைச் செல்போனில் காட்டலாம். பில் விவரம் ஜிஎஸ்டிஆர்-1-ல் தானாக நிரம்பும். தாக்கல் செய்வது மட்டும் உங்கள் வேலை. அதைத் தவறவிட்டால் வாங்குபவரின் வரி வரவு அப்படியே தொங்கும்.

எனக்குப் பெரிதாகத் தெரியும் பலன், பணம் கேட்கும் இடத்தில்தான். "பில் வரவில்லை", "பில்லில் தவறு இருக்கிறது" என்று இழுத்தடிக்க வாங்குபவருக்கு வழி குறைகிறது. சிறு, குறு நிறுவனங்கள் பெரிய கம்பெனி தர வேண்டிய தொகையை முன்கூட்டியே பெற ரிசர்வ் வங்கி அனுமதித்த ட்ரெட்ஸ் தளங்கள் இருக்கின்றன. அங்கே போகும்போதும், பதிவான பில்லை உண்மையா என்று சரிபார்ப்பது சுலபம்.

மாதத்துக்குப் பத்து, இருபது பில்தான் என்றால் புது மென்பொருள் வாங்க அவசரப்பட வேண்டாம். தேசிய தகவலியல் மையத்தின் தளத்தில் இலவசக் கருவி இருக்கிறது. அதைக் கொண்டு தொடங்கலாம்.