நாடு வணிகக் கூட்டமைப்பில் சேர்ந்தால் சிறிய கப்பல் கம்பெனிக்கு என்ன ஆகும்?

ஒரு நாடு வணிகக் கூட்டமைப்பில் சேரப்போகிறது என்றதும் எல்லாரும் சுங்க வரியைப் பற்றித்தான் பேசுவார்கள். இரண்டு மூன்று கப்பல் வைத்திருக்கும் கம்பெனி முதலில் பார்க்க வேண்டியது வேறு. உள்நாட்டுத் துறைமுகம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கும் பயணிகளும் ஏற்றும் உரிமை இனி யாருக்கு? இதைக் கபோட்டாஜ் என்பார்கள். பல நாடுகள் இதைத் தங்கள் கொடி பறக்கும் கப்பல்களுக்கே ஒதுக்கி வைத்திருக்கின்றன.

வெறும் வரிச்சலுகை ஒப்பந்தம் என்றால் இந்த ஒதுக்கீட்டில் பெரும்பாலும் கை வைக்கமாட்டார்கள். ஒரே சந்தையாக இணைவது அப்படியல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 3577/92 விதி, ஓர் உறுப்பு நாட்டுக் கப்பல் இன்னோர் உறுப்பு நாட்டின் கரையோரத்திலும் தொழில் செய்ய 1993 ஜனவரி 1 முதல் வழிவிட்டது.

ஆனால் ஒரேயடியாகத் திறந்துவிடவில்லை. கிரேக்கத்தில் வழக்கமான பயணிகள் கப்பல், ஃபெர்ரி சேவைகளுக்கும் 650 டன்னுக்குக் (எடையல்ல, கப்பலின் கொள்ளளவைக் காட்டும் ‘மொத்த டன்’ கணக்கு) குறைந்த கப்பல்களுக்கும் 2004 வரை அவகாசம் கிடைத்தது. 2013-ல் சேர்ந்த குரோஷியா, 650 டன்னுக்கு உட்பட்ட உல்லாசப் பயணக் கப்பல் தொழிலை 2014 முடியும்வரை தன் கம்பெனிகளுக்கே வைத்துக்கொண்டது. புதிதாகச் சேரும் நாடு இப்படிப்பட்ட அவகாசத்தைச் சேருவதற்கு முன்பே பேசி வாங்க வேண்டும்.

நிரந்தரமான பாதுகாப்பும் ஒன்று உண்டு. 650 டன்னுக்குக் குறைந்த கப்பலிலும், தீவுகளுக்கு ஓடும் கப்பலிலும் மாலுமிகள் பற்றிய விதி பெரும்பாலும், கப்பல் ஓடும் நாட்டுடையதுதான். குறைந்த கூலிக்கு ஆள் வைத்து வெளிக்கப்பல் போட்டிக்கு வருவதற்கு இது ஒரு தடை.

சரி, சுங்கம்? அதிலும் ஒரு சிக்கல். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் லாரியில் போகும் சரக்குக்குக் கேள்வி இல்லை. அதே சரக்கு கடலில் இறங்கினால் வெளிநாட்டுச் சரக்காகவே கருதப்படும். ஒன்றியத்துக்குள்ளான சரக்கு என்று ஆவணம் காட்ட வேண்டும். ஒன்றியத் துறைமுகங்களுக்கிடையே மட்டும் ஓடும் வழக்கமான சேவைக்குச் சுங்கத்துறை அனுமதி தந்தால் இந்தத் தொல்லை இல்லை. சரக்கு கிடைத்த பக்கமெல்லாம் ஓடும் சின்னக் கப்பலுக்கு அது ஒத்துவராது. பெரிய கம்பெனிக்கு வசதியான விதி என்றே சொல்லலாம்.

ஃபெர்ரிக்காரர்களுக்கு இன்னொரு நஷ்டம்: உறுப்பு நாடுகளுக்கிடையே கப்பலில் வரியில்லாமல் மது, சிகரெட் விற்பது 1999 ஜூன் 30-உடன் நின்றுபோனது.

சேர்ந்தபின் போட்டியால் உள்நாட்டுத் தொழில் கடுமையாகக் குலைந்தால் தற்காலிகப் பாதுகாப்பு கேட்கலாம், அதிகபட்சம் 12 மாதம். கம்பெனி நேரடியாகக் கேட்க முடியாது; நாட்டின் அரசுதான் ஐரோப்பிய ஆணையத்திடம் கேட்க வேண்டும்.