சந்தேகமா, ஐயமா?

வகுப்பு முடியும் நேரத்தில் ஆசிரியர் சொல்வார்: "யாருக்காவது சந்தேகம் இருந்தா கேளுங்க." வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பவனைத்தான் அங்கே முறைப்பார்கள். அதே பையன் வீட்டுக்கு வந்து, "கடவுளுக்கு எல்லாம் தெரியும் என்றால் நாம் ஏன் வேண்டிக்கொள்ள வேண்டும்?" என்று கேட்டால், "சாமி விஷயத்துல சந்தேகப்படக் கூடாது" என்று வாயை அடைத்துவிடுவார்கள். சொல் ஒன்றுதான். ஓரிடத்தில் அது நல்ல மாணவனுக்கு அழகு, இன்னோரிடத்தில் பாவம்.

இந்தத் தகராறில் பாதிக்குச் சொல்லே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

சந்தேகம் வடசொல். 'சம்' என்றால் சேர்த்து, ஒன்றாக. 'திஹ்' என்ற வினையடிக்குப் பூசுதல், மெழுகுதல் என்று பொருள். இரண்டு வண்ணங்களை ஈரம் காயாமல் அடுத்தடுத்துப் பூசினால் எல்லை கலங்கி, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் போகுமே, அந்த நிலைதான் சந்தேகம். உடம்பைக் குறிக்கும் 'தேகம்' என்ற சொல்லும் இதே அடியில் பிறந்ததுதான். இதற்கு உறவான இன்னொரு வடசொல் சம்சயம். அது 'கிடத்தல்' என்ற பொருளுள்ள அடியிலிருந்து வந்தது. இரண்டு எண்ணங்கள் ஒரே பாயில் படுத்திருக்கின்றன, எதை எழுப்புவது என்று தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த 'இரண்டு' பல மொழிகளில் தலைகாட்டுகிறது. ஜெர்மன் மொழியில் ஐயத்துக்குச் சொல்லும் 'ட்ஸ்வைஃபல்' என்ற சொல்லுக்குள் இரண்டைக் குறிக்கும் 'ட்ஸ்வை' இருக்கிறது. லத்தீனின் 'டுபிதாரே'யும் 'டுவோ' என்ற எண்ணுக்குச் சொந்தம். தமிழ் இதை மறுபக்கத்திலிருந்து சொல்கிறது: உறுதிக்கு நம் பழைய சொல் 'ஒருதலை'. இரண்டில் ஒன்றைத் துணிவது ஒருதலை. நன்னூல் ஏழு வகை மதங்களைச் சொல்லும்போது, இருவர் மாறுபட்டுக் கூறியவற்றில் ஒன்றைத் துணிவதை "இருவர் மாறுகோள் ஒருதலை துணிவே" என்கிறது. அங்கே மதம் என்றால் நூலாசிரியர் கொண்ட கருத்து. மதம் என்ற வடசொல்லுக்கு மூலப்பொருளே 'எண்ணியது', 'கருதியது' என்பதுதான். இன்றோ மதம் என்றால் கேள்விக்கு அப்பாற்பட்டது, ஒருதலை என்றால் 'ஒருதலைப்பட்சம்'. சொற்களுக்கும் விதி விளையாடுகிறது.

சரி, சந்தேகத்துக்குத் தமிழில் என்ன ஆயிற்று? வகுப்பறைச் சந்தேகம் ஒருபுறம் இருக்க, ஆட்கள் மீதான அவநம்பிக்கையும் அந்தச் சொல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. "அவன் மேல எனக்குச் சந்தேகம்." "சந்தேகப் பிராணி." கணவன் மனைவிச் சண்டையிலும் காவல் நிலையத்திலும் புழங்கிப் புழங்கிச் சொல்லின் நிறம் கறுத்துவிட்டது. "நீ கடவுளையே சந்தேகப்படுறியா?" என்று கேட்கும்போது, கடவுள் எதையோ திருடிவிட்டார் என்று நாம் புகார் கொடுத்த மாதிரி இருக்கும். கேட்ட பையனுக்கோ அப்படி எந்த எண்ணமும் இல்லை. அவனுக்கு ஒன்று புரியவில்லை, அவ்வளவுதான்.

ஆள்மீது கொள்ளும் அவநம்பிக்கைக்குத் தமிழில் தனிச்சொல்லே இருந்தது: கடுத்தல். மன்னரைச் சேர்ந்தொழுகுவோர் பெரும்பிழைகளிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் வள்ளுவர், "கடுத்தபின் தேற்றுதல் யார்க்கும் அரிது" (693) என்கிறார். மன்னன் ஒருமுறை சந்தேகப்பட்டுவிட்டால் பிறகு அவனைத் தெளிவிக்க யாராலும் முடியாதாம். இன்று யாரும் இந்தப் பொருளில் 'கடுத்தான்' என்று எழுதுவதில்லை. வழக்கிழந்த சொல்லை இழுத்துவந்து உட்காரவைக்கும் ஆசையும் எனக்கில்லை. இரண்டு நிலைகளுக்கு இரண்டு சொற்கள் இருந்தன என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

சந்தேகத்துக்கு நேரான தமிழ்ச்சொல் ஐயம். வினையாக வரும்போது ஐயுறு, ஐயப்படு. பெயராக ஐயுறவு, ஐயப்பாடு என்றும் வரும். பழைய நூல்களில் இது எங்கே முளைக்கிறது என்று பார்த்தால் கொஞ்சம் வியப்பாக இருக்கும். தொல்காப்பியக் களவியலில், காதலின் முதல் படியில் நிற்கிறது. தலைவியைக் கண்ட தலைவன், இவள் மானுடப் பெண்ணா, தெய்வமா என்று திகைக்கிறான். "அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ" (1081) என்ற குறளும் அதே திகைப்பு. எதிரே இருப்பது தன் அறிவுக்குள் அடங்காத அளவு பெரிதாக இருக்கும்போது வருவது இந்த ஐயம். "சிறந்துழி ஐயம் சிறந்தது" என்பது தொல்காப்பியம். இதில் பழிப்பு எங்கே இருக்கிறது?

ஐயத்துக்குப் பிச்சை என்ற பொருளும் உண்டு. "ஐயம் இட்டு உண்" என்பது ஆத்திசூடி, "ஐயமும் பிச்சையும்" என்பது திருப்பாவை. ஐயம் கொண்டவன் அறிவைப் பிச்சை கேட்பவன் என்று அழகாக முடிச்சுப் போடலாம்தான். ஆனால் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதற்குச் சான்று வேண்டுமே. ஓசை ஒன்றாக இருப்பதால் மட்டும் உறவாகிவிடாது. விட்டுவிடுவோம்.

சமயத்துக்கு நேராக வரும் இடம், மெய்யுணர்தல் அதிகாரம்:

"ஐயத்தின் நீங்கித் தெளிந்தார்க்கு வையத்தின்
வானம் நணியது உடைத்து" (353)

ஐயத்திலிருந்து விலகித் தெளிந்தவர்களுக்கு, காலடியில் இருக்கும் நிலத்தைவிட வானம் பக்கத்தில் இருக்கிறது. வள்ளுவர் ஐயத்தைப் போற்றவில்லை. அதிலேயே தங்கிவிடச் சொல்லவுமில்லை. ஆனால் 'ஐயமே இல்லாதார்க்கு' என்றும் அவர் எழுதவில்லை. நீங்குதல், தெளிதல் என இரண்டு வினைகள் வருகின்றன. இருந்த இடத்திலிருந்துதானே நீங்க முடியும்?

மணிமேகலை இன்னும் துல்லியம். பல சமயத்தாரிடம் போய் அவரவர் கொள்கையைக் கேட்கும் காதையில், அறிவுக்கு நேரும் எட்டுக் குறைகள் பட்டியலாகின்றன. அதில் ஐயமும் ஒன்று: தூரத்தில் தெரிவது "தறியோ மகனோ", கட்டையோ மனிதனோ என்று துணியாமல் நிற்பது. அடுத்த குறை 'தேராது தெளிதல்'. கட்டையைப் பார்த்ததும், யோசிக்காமலே மனிதன் என்று முடிவுகட்டிவிடுவது. இரண்டும் ஒரே பட்டியலில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஐயம் குறை என்றால், ஆராயாமல் வந்த உறுதியும் குறைதான். "தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்" (510) என்று குறளும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறது. நம்பிக்கையைக் கேள்வி கேட்பவனைப் பார்த்துப் பதறுகிறவர்கள், தேராது தெளிந்தவனைப் பார்த்து ஏனோ பதறுவதில்லை.

அடுத்து, 'நம்பிக்கை'. ஐயத்துக்கு எதிர்ச்சொல் நம்பிக்கை என்றுதான் பலரும் நினைக்கிறோம். மேலே வந்த பாட்டுகளிலோ ஐயத்துக்கு எதிரே நிற்பதெல்லாம் தெளிவும் துணிவும்தான். நம்புதலுக்கு என்ன பொருள் என்று தொல்காப்பிய உரியியலைக் கேட்டால், "நம்பும் மேவும் நசையா கும்மே" என்கிறது. நசை என்றால் விருப்பம். நம்புதல் அடிப்படையில் ஒன்றை விரும்பிப் பற்றுவது. அப்படியானால் ஒருவர் நம்பிக்கொண்டே ஐயுறவும் முடியும். விருப்பம் ஓர் அறை, தெளிவு இன்னோர் அறை. ஒன்றில் விளக்கு அணைந்தால் மற்றதும் இருண்டுவிட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 260ஆம் வசனத்தில் இருக்கிறது. இறந்தவர்களை எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று காட்டு என இப்ராஹீம் நபி இறைவனிடம் கேட்கிறார். நீ நம்பவில்லையா என்று கேள்வி வருகிறது. நம்புகிறேன், ஆனால் என் உள்ளம் அமைதி பெற வேண்டும் என்பது அவர் பதில். கேட்டதற்காக அவர் தள்ளிவைக்கப்படவில்லை. இயேசுவின் சீடர் தோமாவின் கதையும் அப்படித்தான். இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதை, அவர் காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவரிடம் இயேசு கையை நீட்டித் தொடச் சொல்கிறார். காணாமல் விசுவாசிக்கிறவர்களே பாக்கியவான்கள் என்ற சொல் அதற்குப் பிறகுதான் வருகிறது. நாம் அந்தச் சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, முதலில் நீண்ட கையை மறந்துவிட்டோம்.

பகவத்கீதையின் நான்காம் அத்தியாயத்தில் சம்சயம் கொண்டவன் அழிகிறான் என்ற கடுமையான வரி உண்டு (4.40). இதை மேற்கோள் காட்டாத பெரியவர்கள் குறைவு. அதற்கு ஆறு சுலோகங்கள் முன்னால் (4.34), அறிந்தவர்களைப் பணிந்து, 'பரிப்ரச்னம்' செய்து தெரிந்துகொள் என்று இருக்கிறது. 'பரி' என்றால் சுற்றிலும். எல்லாப் பக்கமிருந்தும் துருவிக் கேட்பது என்று கொள்ளலாம். பௌத்தத்திலும் இதே இரட்டைப் போக்கு. எந்த ஆசிரியரை நம்புவது என்று குழம்பிய காலாமர் என்ற குலத்தாரிடம், நீங்கள் ஐயுறுவது தகும் என்று புத்தர் சொல்கிறார். தியானத்தை மறைக்கும் ஐந்து தடைகளின் வரிசையிலோ ஐயமும் இருக்கிறது. எனக்குப் புரிகிற அளவில், கேள்வி யாருக்கும் பகை இல்லை. கேட்டுவிட்டு விடையைத் தேடாமல் ஊசலாடிக்கொண்டே இருப்பதுதான் பகை.

கேள்வியிலும் வகை உண்டு. நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறிவு, அறியாமை, ஐயுறல், கொளல், கொடை, ஏவல். விடை தெரிந்தே கேட்பது அறிவினா. தெரியாமல் கேட்பது அறியாவினா. இதுவோ அதுவோ என்று தடுமாறிக் கேட்பது ஐயவினா. சிவவாக்கியர், "நட்ட கல்லும் பேசுமோ நாதன் உள்ளிருக்கையில்" என்று கேட்கிறாரே, அது ஐயவினா இல்லை. பேசாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். 'பேசுமோ'வின் கடைசியில் நிற்கும் அந்த ஓகாரம், மறுப்பைச் சொல்லும் எதிர்மறை ஓகாரம். இத்தனைக்கும் அவர் நாதனை மறுப்பவர் அல்ல, அந்த நாதனுக்காகத்தான் கல்லோடு சண்டை. "தறியோ மகனோ" என்பதிலும் அதே ஓகாரம்தான், ஆனால் அங்கே உண்மையாகவே தெரியவில்லை. தன் சமயத்தை நோக்கிக் கேட்கும் ஒவ்வொருவரும் தன் ஓகாரம் எந்த ஓகாரம் என்று பார்த்துக்கொள்வது நல்லது. கேட்பதைக் காது கொடுத்துக் கேட்கிறவர்களுக்கும் அது பொருந்தும்.

இனி எழுதும்போது என்ன செய்யலாம்? வகுப்பறையில் சந்தேகம் இருந்துவிட்டுப் போகட்டும், அதை மாற்றச் சொல்லிக் கொடி பிடிக்க வேண்டாம். சமய நம்பிக்கையைப் பற்றி எழுதும் இடத்தில் மட்டும் ஐயம் என்று எழுதுவதை நான் விரும்புவேன். சந்தேக நிவர்த்தி என்பதற்கு ஐயம் தெளிதல் என்பதே போதும். நிச்சயம் என்பதற்கு உறுதி, துணிபு, தெளிவு எல்லாம் இருக்கின்றன. நம்பிக்கை முற்றிலும் போய்விட்டது என்றால் அது ஐயம் அல்ல, நம்பாமை அல்லது மறுப்பு. அதற்கு அந்தப் பெயரையே வைத்துவிடலாம்.

அப்புறம் ஒரு வேற்றுமை உருபு. "நம்பிக்கையைச் சந்தேகிக்கிறான்" என்று எழுதும்போது 'ஐ' வந்து, ஒருவன் வெளியே நின்று விரல் நீட்டுவது போல ஆகிவிடுகிறது. "நம்பிக்கையில் ஐயம் கொண்டிருக்கிறான்" என்று எழுதிப் பாருங்கள். ஏழாம் வேற்றுமை 'இல்' இடத்தைக் குறிக்கும், ஆள் இன்னும் உள்ளேதான் இருக்கிறான்.