ஆறு கிலோ தள்ளலில் சாயும் வேலி

திருவிழாவிலும் பொதுக்கூட்டத்திலும் வரிசையாக நிறுத்துகிறார்களே, அந்த இரும்பு பாரிகேட் ஒன்றின் எடை 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நீளம் இரண்டு மீட்டர், உயரம் 1.1 மீட்டர். பாதங்கள் முன்னாலும் பின்னாலும் 30 செ.மீ. நீண்டிருக்கின்றன. தனியாக நிற்கும் அதை ஒரு மீட்டர் உயரத்தில் கைவைத்துத் தள்ளினால் எப்போது சாயும்? சாயும்போது அது பாதத்தின் நுனியை அச்சாகக் கொண்டு திரும்புகிறது. அதன் எடை அந்த நுனியிலிருந்து 30 செ.மீ. தள்ளி இறங்குகிறது, நம் கையோ நுனிக்கு ஒரு மீட்டர் மேலே இருக்கிறது. 20-ஐ 0.3-ஆல் பெருக்கினால் 6. ஆறு கிலோ எடைக்குச் சமமான தள்ளல் போதும். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் ஒற்றைக் கையால் சாய்த்துவிடுவான்.

அப்படியானால் ஆயிரக்கணக்கானவர்களை இது எப்படி நிறுத்துகிறது? நிறுத்துவதில்லை. "இதுவரைதான்" என்று காட்டுகிறது. பெரும்பாலோர் அதை மதிக்கிறார்கள். பாரிகேட்டைச் சுவராக நினைப்பதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. இந்தக் கருவியின் அறிவெல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது: நாலு பேர் அரை மணியில் ஒரு தெரு நீளத்துக்கு நிறுத்திவிடலாம், ஆபத்து வந்தால் ஒரே ஆள் நொடியில் திறந்துவிடலாம்.

பெல்ஜியத்தில் இதை இன்றும் 'நதார் தடுப்பு' என்றுதான் சொல்கிறார்கள். நதார் பிரெஞ்சுக்காரர், புகழ்பெற்ற புகைப்படக்காரர். 1858-லேயே பலூனில் ஏறி வானிலிருந்து படம் எடுத்தவர். 1864 செப்டம்பரில் தன் மாபெரும் பலூனை பிரஸ்ஸல்ஸ் நகரில் பறக்கவிட வந்தபோது, வேடிக்கை பார்க்கும் கூட்டம் நெருங்கிவிடாமல் இருக்க எடுத்து மாற்றக்கூடிய தடுப்புகளைச் சுற்றிலும் நிறுத்தினார். பலூன் கிளம்பியதும் தேவை தீர்ந்துவிடும் வேலி அது.

இன்றைய பாரிகேட்டின் ஒரு முனையில் கீழ்நோக்கி வளைந்த இரண்டு கொக்கிகள், மறுமுனையில் இரண்டு வளையங்கள். ஒன்றைத் தூக்கி, அதன் கொக்கியை அடுத்ததன் வளையத்தில் இறக்கினால் இணைப்பு முடிந்தது. போல்ட் இல்லை, பூட்டு இல்லை, ஸ்பேனர் வேண்டாம். கூட்டம் தள்ளுவது கிடைமட்டமாக. கொக்கி கழல்வதோ மேல்நோக்கித் தூக்கினால் மட்டுமே. எவ்வளவு தள்ளினாலும் அந்தத் தள்ளல் கொக்கியைக் கழற்றாது. புவியீர்ப்புதான் பூட்டு. இத்தனை எளிமையான தீர்வை நான் வேறு எந்தத் தெருச் சாமானிலும் பார்த்ததில்லை.

இணைத்ததும் இன்னொரு பலனும் வருகிறது. மேலும் கீழுமாக இரண்டு இடத்தில் பிடிப்பு இருப்பதால், ஒன்று சாய முயன்றால் பக்கத்தில் இருப்பவையும் சேர்ந்து சாய வேண்டும். ஆனால் நேர்கோட்டில் நிறுத்தினால் இந்தப் பலன் ஓரளவுதான், ஏனென்றால் எல்லாவற்றுக்கும் அதே 30 செ.மீ. பாதம்தான். இடையிடையே ஒரு பாரிகேட்டைச் செங்கோணத்தில் பின்பக்கமாகத் திருப்பிக் கோத்துப் பாருங்கள். வரிசை சாய வேண்டுமானால் அந்தக் குறுக்குப் பாரிகேட்டையும் அதன் தூர முனையை அச்சாகக் கொண்டு தூக்கியாக வேண்டும். அதன் எடை அந்த முனையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இறங்குகிறது. 30 செ.மீ. இருந்த இடத்தில் ஒரு மீட்டர்: அதே இரும்பு, அதே எடை, மூன்று மடங்குக்கும் மேலான எதிர்ப்பு. வளைவாகவோ கோணலாகவோ நிறுத்திய வரிசை நேர்வரிசையைவிட உறுதியாக நிற்பதும் இதனால்தான்.

கம்பிகள் செங்குத்தாக இருப்பது கால்வைத்து ஏற இடம் கொடாமலிருக்க. குழாய் உள்ளீடற்றதாக இருப்பது எடை குறைய. வளைவைத் தாங்குவதில் வெளிவிளிம்பு இரும்புக்குத்தான் பெரும்பங்கு, நடுவிலிருப்பது வீண்சுமை.

இதன் உண்மையான எதிரி காற்று. நம்மூர்ச் சாலைத் தடுப்புகளில் விளம்பரத் தகடு மாட்டுகிறார்களே, அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1.2 மீட்டருக்கு 0.6 மீட்டர் தகடு. மணிக்கு 54 கிலோமீட்டர் வேகக் காற்று. தகட்டின் மேல் விழும் விசை ஏறத்தாழ 12 கிலோ எடைக்குச் சமம். தகடு 80 செ.மீ. உயரத்தில் இருந்தால், மேலே பார்த்த 20 கிலோ பாரிகேட் 7.5 கிலோவிலேயே விழுந்துவிடும். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. வெறும் கம்பிகளாக இருந்தவரை காற்று ஊடே போய்விட்டது; தகடு மாட்டியதும் அது பாய்மரம். இரவில் இருசக்கர வாகனத்தில் வருபவர் முன்னால் இது சாய்ந்தால் என்னாகும் என்று மாட்டுகிறவர்கள் யோசிக்க வேண்டும். பாதத்தில் மணல் மூட்டை போடுவது குறைந்தபட்ச மரியாதை. தண்ணீர் நிரப்பும் பிளாஸ்டிக் தடுப்பின் தத்துவமும் இதுதான்: காலியாகத் தூக்கிவந்து, வைத்த இடத்தில் லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் எடை ஏற்றுகிறோம். நிரப்பாமல் விட்டால் அது வெறும் டப்பா.

கூட்டம் மிக நெருங்கும்போது கதையே மாறிவிடுகிறது. ஒரு சதுர மீட்டரில் ஆறேழு பேர் நின்றால் தனி மனிதர் என்பது போய், கூட்டம் திரவம்போல அலையலையாக நகரத் தொடங்குகிறது. பின்னாலிருப்பவரின் சிறு தள்ளல் ஒவ்வொருவர் வழியாகவும் சேர்ந்து முன்னால் வந்து இறங்கும். கூட்ட நெரிசலை ஆராய்ந்த ஜான் ஃப்ரூயின், நெரிசல் நடந்த இடங்களில் வளைந்துபோன இரும்புக் கைப்பிடிக் கம்பிகள் 4,500 நியூட்டனுக்கு மேற்பட்ட விசையைக் காட்டுகின்றன என்று எழுதினார். அது சுமார் 450 கிலோ எடை. அதன் முன் ஆறு கிலோ எங்கே?

பெரிய இசை நிகழ்ச்சிகளில் மேடைக்கு முன்னால் வேறு வகைத் தடுப்பு வைப்பது இதற்காக. அதன் அடித்தட்டு பார்வையாளர் பக்கம் தரையோடு நீண்டிருக்கும். முன்வரிசைக்காரர்கள் அதன் மேலேயே நிற்பார்கள். தடுப்பைத் தள்ளுகிறவர்களின் எடையே அதைத் தரையோடு அழுத்திப் பிடிக்கிறது.

ஆனால் எதற்கும் அசையாத வேலியும் கொல்லும். 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில், ரசிகர்கள் ஆடுகளத்தில் இறங்கிவிடக் கூடாதென்று போட்டிருந்த உயரமான நிலைவேலிக்கும் பின்னாலிருந்து வந்த கூட்டத்துக்கும் நடுவில் சிக்கியவர்கள் மூச்சுவிட முடியாமல் மாண்டார்கள். இறந்தவர்கள் 97 பேர். வேலியில் இருந்த வாசல்கள் மிகக் குறுகலானவை. அதன்பின் இங்கிலாந்தின் பெரிய மைதானங்களில் அந்த வேலிகளை அகற்றினார்கள்.

ஆகவே வரிசையின் நடுவில் ஒரு பாரிகேட்டை எப்படித் திறப்பது என்பது அங்கே நிற்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கொக்கி உள்ள முனையை வளையத்துக்கு மேலே தூக்குங்கள். மறுமுனை கீல்போல நிற்க, கதவாகச் சுழற்றுங்கள். கூட்டம் இல்லாத பக்கமாகத்தான் சுழற்ற வேண்டும், நெருக்கும் கூட்டத்தை எதிர்த்து எந்தக் கதவும் திறக்காது. அந்தப் பக்கம் தரை காலியாக இருக்கட்டும். வண்டியை நிறுத்தாதீர்கள், செங்கோணத்தில் திருப்பிய குறுக்குப் பாரிகேட்டும் அங்கே வேண்டாம். திறக்க வேண்டியவற்றுக்கு வேறு வண்ணம் பூசி, பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்திவிட்டால் போதும். கொக்கி கழலாமலிருக்க வேண்டுமென்று கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். முறுக்கிய கம்பியை அவிழ்க்கக் கட்டிங் பிளேயர் வேண்டும், நெரிசலில் அது யார் கையிலும் இருக்காது.