ஓவனில் வெந்ததுதான், அதற்குப் பிறகு?

இந்தக் கிறிஸ்துமஸ் முடிந்த வாரமும் அதே கதைதான். இரவு விருந்து, மறுநாள் காலை வீட்டில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கும் முறுக்கும் வலியும். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் சாலட் மீதும் கேக் மீதும் பழி விழுகிறது. மாலையிலிருந்து நள்ளிரவு வரை மேசை நடுவில் கிடந்த பாஸ்டெலோனை, அதாவது வாழைக்காயும் இறைச்சியும் அடுக்கி ஓவனில் வேகவைத்த பண்டத்தை மட்டும் எவரும் சந்தேகிப்பதில்லை. "அது ஓவனில் வெந்ததாயிற்றே!"

அமெரிக்காவின் ஒர்லாண்டோ பகுதியில் சமையற்கூடப் பணியாளர்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பயிற்சி தருவது என் தொழில். இங்கே கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் குடும்பங்கள் ஏராளம். பாஸ்டெலோன் இல்லாமல் அவர்களுக்குப் பண்டிகை இல்லை. தோல் கறுக்கும்வரை பழுத்த வாழைக்காயை நீளவாக்கில் சீவிப் பொரித்து அடுக்குவார்கள். இடையே பிகாடியோ: சோஃப்ரீட்டோவில் (வெங்காயம், பூண்டு, மிளகாய், தழைகள் அரைத்த மசாலாவில்) வதக்கி, தக்காளிச் சாறும் ஆலிவும் சேர்த்த மாட்டிறைச்சிக் கொத்துக்கறி. சிலர் உலர்திராட்சையும் போடுவார்கள். மேலே அடித்த முட்டை, சீஸ். இனிப்பும் உப்பும் ஒரே வாயில் சேரும் அந்த ருசிக்கு நானும் அடிமைதான். கறுத்த தோலைப் பார்த்துப் பழம் அழுகிவிட்டது என்று தூக்கி எறிபவர்களோடு எனக்குத் தனிச் சண்டை உண்டு. அது இன்னொரு நாளைக்கு.

இன்றைய சண்டை அந்த "வெந்ததாயிற்றே" என்ற சொல்லோடுதான். வெந்தால் கிருமி சாகும், சரி. எல்லாமே சாகாது. க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சமையல் சூட்டைத் தாண்டிப் பிழைக்கும். தட்டு மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகும். கனமான இறைச்சி அடுக்கு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்தக் கிருமிக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. சாப்பிட்ட 6 முதல் 24 மணி நேரத்தில் வயிறு பேசத் தொடங்கும். ஓவன் அணைந்த நிமிடமே அது தந்த காவல் முடிந்துவிட்டது. வெந்தது என்பது அடுத்த ஆறு மணி நேரத்துக்கான உத்தரவாதம் அல்ல. இதை எத்தனை முறை சொல்வது? "மோந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது" என்பார்கள். இந்தக் கிருமி மூக்குக்குத் தகவல் சொல்லிவிட்டு வருவதில்லை. "திரும்பச் சூடாக்கினேனே" என்பார்கள். ஓரம் கொதிக்கும், நடுப்பகுதி வெதுவெதுப்பாகவே நிற்கும். அப்படியே நன்றாகக் கொதித்தாலும், ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியா ஏற்கெனவே விட்டுச்சென்ற நச்சு அந்தச் சூட்டில் அழியாது.

மேலே சீஸ் பொன்னிறமாகிவிட்டால் உள்ளே முட்டை வெந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். உணவு வெப்பமானியை நட்ட நடுவில் குத்திப் பாருங்கள்: 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். புதிய ஓவனுக்குக் கணக்குப் பார்க்காதவர்கள் இந்தச் சின்னக் கருவிக்கு மட்டும் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பரிமாறியதும் கடிகாரத்தைப் பாருங்கள். அறையில் இரண்டு மணி நேரம். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் தோட்டத்து விருந்து என்றால் ஒரே மணி நேரம். அதற்கு மேல் மேசையில் இருக்க வேண்டுமானால் 60 டிகிரிக்குக் குறையாமல் சூடாகவே வையுங்கள். மீதியைப் பெரிய தட்டோடு ஃபிரிட்ஜில் திணிக்காதீர்கள்; துண்டு போட்டு, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். முழுதாக ஆறட்டும் என்று விடிய விடிய வெளியே வைக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சூடு லேசாக இருக்கும்போதே உள்ளே வைக்கலாம், ஃபிரிட்ஜ் கெட்டுவிடாது. மூன்று, நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். சூடாக்கும்போது மறுபடியும் அதே 74.

புவேர்ட்டோ ரிக்கோவின் பண்டிகைக் காலம் ஜனவரி 6, மூன்று அரசர்கள் திருநாளையும் தாண்டி நீளும். இன்னும் தட்டுகள் வரும். நள்ளிரவு வரை வெளியே கிடந்த தட்டுக்கு ஃபிரிட்ஜில் இடம் தேடாதீர்கள், குப்பையில் கொட்டுங்கள். பாட்டி கைப்பட அடுக்கியது என்றாலும் கொட்டுங்கள். பாட்டியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.