எண்ணின் கடைசியில் நிற்கும் எழுத்து

விரைவுப் பேருந்தில் ஏறுகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது எங்கெல்லாம் நிற்காது என்பதைத்தான். சிங்கப்பூரில் அந்தச் செய்தி, பேருந்து எண்ணின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தாகச் சுருங்கிக் கிடக்கிறது. சில சேவைகளில் அதுவும் இல்லை.

போக்குவரத்துத் தகவல் பலகைகளை வடிவமைப்பது என் தொழில். ஒரு சேவைக்குப் பெயரும் நிறமும் சூட்டுவதற்குச் செலவாகும் கூட்டங்களையும், வழித்தடத் தகவலுக்கு ஒதுக்கப்படும் இடத்தையும் அருகிலிருந்து பார்க்கிறேன். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக இருப்பதே இல்லை.

நிறத்தை நம்பி இங்கே விரைவுச் சேவையை அடையாளம் காண முடியாது. முன்பு பேருந்தை ஓட்டும் நிறுவனத்துக்கு ஏற்ப வண்ணம் இருந்தது. 2016இல், வழித்தடங்களை அரசு தன் பொறுப்பில் வைத்து, ஓட்டும் வேலையை மட்டும் நிறுவனங்களுக்குத் தரும் பேருந்து ஒப்பந்த முறை நடப்புக்கு வந்தது. அதையொட்டி, எல்லாப் பேருந்துகளுக்கும் எந்த நிறம் என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். சிவப்பைத் தோற்கடித்துப் பச்சை வென்றது. ஊர் முழுவதும் ஒரே நிறமாவது அழகுதான், குறை சொல்லவில்லை. ஆனால் எல்லா நிறுத்தங்களிலும் நின்று போகும் பேருந்துக்கும், பத்து நிறுத்தங்களைத் தாண்டிப் பறக்கும் பேருந்துக்கும் அதே பச்சை என்றால், வேறுபாட்டைக் காட்டும் பாரம் முழுவதும் எண்ணின் தலையில் விழுகிறது.

எண்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. 74இ, 151இ போன்றவற்றில் ஆங்கிலச் சிறிய எழுத்தான 'இ' (e) விரைவைக் குறிக்கிறது. 850இ சேவையில் அதே எழுத்து பெரிய வடிவில் (E) வரும். 502, 518 என்று ஐந்நூறுகளில் ஓடும் விரைவுச் சேவைகளுக்கு எழுத்தே கிடையாது. வட்டாரங்களிலிருந்து நகர மையத்தின் அலுவலகப் பகுதியான ஷென்டன் வே பக்கம் நேராகச் செல்லும் நகர நேரடிச் சேவைகள் அறுநூறுகளில் இருக்கின்றன; வார நாள்களில் உச்ச நேரத்தில் மட்டுமே ஓடுகின்றன, பொது விடுமுறையில் இல்லை. ஜூரோங் வெஸ்ட்டின் 243ஜி, 243டபிள்யூ ஆகியவற்றில் வரும் எழுத்து வேகத்தைப் பற்றியதே அல்ல. பச்சை, வெள்ளை என்ற பலகை நிறங்களின் ஆங்கில முதலெழுத்துகள் அவை. ஒரே வட்டத்தை எந்தத் திசையில் சுற்றுகிறது என்பதைச் சொல்கின்றன. பழகியவர்களுக்கு இதெல்லாம் விரல்நுனியில் இருக்கும். மகள் வீட்டுக்குப் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் பாட்டிக்கு யார் சொல்வது?

அப்படி ஒருவரை ஹவ்காங்கில் காலை நேரக் களப்பணியின்போது சந்தித்தேன். கையை நீட்டிப் பேருந்தை நிறுத்திவிட்டு, ஏறும் முன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, இது நம் வழக்கமான பஸ்தானே?"

"எங்கே இறங்க வேண்டும் அம்மா?"

இடத்தைச் சொன்னார். "இது அங்கே நிற்காது. பின்னால் வருவதில் ஏறுங்கள்" என்றேன்.

"எண் அதேதானே இருக்கிறது?"

"கடைசியில் ஓர் எழுத்து இருக்கிறது பாருங்கள்."

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அதுவா? விளக்குப் பழுதாகி அரைகுறையாக எரிகிறது என்று நினைத்தேன்."

அவர் பார்வையில் குறை இல்லை. மின்பலகையின் அகலம் மாறாதது. மூன்று இலக்கத்துக்குப் பின் நான்காவதாக ஒன்றை நுழைத்தால் எல்லாமே ஒல்லியாகிவிடும். சிறிய 'இ' இலக்கங்களின் உயரத்துக்கு வராமல் கீழே பதுங்கி நிற்கும். மழையிலும் எதிர்வெயிலிலும் முதலில் மறைவது அதுதான். பலகையில் மிக முக்கியமான செய்திக்கு மிகச் சிறிய இடம்!

நிறுத்தத்தில் இருக்கும் தகவல் பலகை இதைவிட நேர்மையானது. சாலைப் பெயர்களின்கீழ் நிறுத்தங்களும், கட்டணம் கணக்கிட உதவும் கிலோமீட்டரும் வரிசையாக இருக்கும். விரைவுச் சேவையின் பட்டியலைப் படிக்கும்போது, ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்ததற்கும் இடையே கிலோமீட்டர் எங்கே சட்டென்று தாவுகிறது என்று பாருங்கள். அங்கேதான் இடைநில்லாப் பகுதி தொடங்குகிறது. பல விரைவுச் சேவைகள் புறப்பட்ட வட்டாரத்துக்குள் சாதாரணப் பேருந்தைப் போலவே நின்று நின்று போகும். நடுவழியில்தான் வேகம் பிடிக்கும். தொடக்கத்தில் நின்றதே என்று நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் ஏமாறுவது அந்த இடத்தில்தான். என் விருப்பப்படி விட்டால், ஏறும் கதவருகே தாண்டிப்போகும் நிறுத்தங்களின் பெயர்களைத்தான் பெரிதாக எழுதுவேன்.

தவறி ஏறினால் பணமும் கொஞ்சம் போகும். பயண அட்டையில் செலுத்தும் வயதுவந்தோருக்கு விரைவுக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தைவிட 60 காசு கூடுதல். தாண்டிப்போனபின் எதிர்ப்புறத்திலிருந்து அதே எண்ணில் திரும்பினால், பேருந்து மாறி ஏறுவோருக்கான மாற்றுப் பயணச் சலுகை கிடைக்காது. புதிய பயணமாகக் கணக்காகும். வேறு எண் இருந்தால் அதில் ஏறுவது நல்லது.

எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாரு போகும் பேருந்துகள் தனிக் கதை. குவீன் ஸ்திரீட் முனையத்திலிருந்து அங்குள்ள லார்கின் பேருந்து முனையம் வரை செல்வது 170. கிராஞ்சியிலிருந்து பாலத்தைக் கடப்பது 170எக்ஸ். அங்கே 'எக்ஸ்' என்பது சுருக்கப்பட்ட வழித்தடம். காஸ்வே லிங்க் என்ற நிறுவனத்தின் பேருந்துகள் சிரித்த முகத்தோடு மஞ்சளில் வரும். கூட்டத்தில் தூரத்திலிருந்தே தெரியும். அடையாளம் என்ற அளவில் அருமையான வேலை. ஆனால் சிங்கப்பூருக்குத் திரும்பும்போது, உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் மூட்டை முடிச்சோடு இறங்கி, குடிநுழைவுச் சோதனையை முடித்துக் கீழே வரும்போது மஞ்சள் பேருந்துகள் வரிசையாக நிற்கும். சிடபிள்யூ1 கிராஞ்சிக்கு, சிடபிள்யூ2 குவீன் ஸ்திரீட்டுக்கு, சிடபிள்யூ5 நியூட்டனுக்கு. சிரிப்பு எல்லாவற்றிலும் ஒன்றுதான். நீங்கள் வந்த பேருந்து உங்களுக்காகக் காத்திருக்கப் போவதில்லை. நினைவில் வைக்க வேண்டியது வழித்தட எண்ணையும், பத்திரப்படுத்த வேண்டியது டிக்கெட்டையும்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2024 ஜூலையில் அறிவிக்கப்பட்ட பேருந்து இணைப்பு மேம்பாட்டுத் திட்டத்துக்கு 8 ஆண்டுகளில் 900 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை ஒதுக்கியிருக்கிறார்கள். விரைவுச் சேவைகளும் நகர நேரடிச் சேவைகளும் கூடப்போகின்றன. பழகிய எண்ணின் பக்கத்தில் புதிய எழுத்தோடு இன்னொரு பேருந்து வந்து நிற்பது சாதாரணமாகிவிடும்.

ஆகவே ஓட்டுநரிடம் "இது எழுபத்து நான்கா?" என்று கேட்காதீர்கள். அவர் தலையாட்டிவிடுவார், அதுவும் தவறாகாது. இறங்கும் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லி "அங்கே நிற்குமா?" என்று கேளுங்கள். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் வழி எழுதும்போது எண்ணை எழுத்தோடு முழுமையாக எழுதுங்கள். ஏற வேண்டிய நிறுத்தத்தின் ஐந்து இலக்க எண்ணையும் சேர்த்துவிடுங்கள். எதிர்ப்புற நிறுத்தத்துக்கு வேறு எண் என்பதால் திசை மாறி நிற்க மாட்டார்கள்.